அப்பூலியின் முதுகு

கபத்தால்யா படுக்கையில் விழுந்த பிறகு அந்த வீட்டுக்கு வந்துபோகிற ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். முதலில் சர்ச்சுப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். சர்க்கரை, சோப்பு, தலையில் ஒரு தார் வாழைக்காய் என்று சுமந்துவந்து, கட்டிலைச் சுற்றி நின்று பாடிவிட்டுப் போனார்கள். பிறகு இரண்டு பேர், மூன்று பேராக வந்தார்கள். அப்புறம் வாசலிலேயே நின்று, "எப்படியிருக்கே அப்வோலி?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் குடையை விரித்தார்கள். நர்ஸ் அந்தப் பச்சை மருந்தைக் கொண்டுவந்த வாரத்தோடு அதுவும் நின்றது. பச்சைத் தண்ணீர் வந்த வீட்டில் அடுத்து சவப்பெட்டிதான் வரும் என்று அந்த மலைச்சரிவில் ஒரு பேச்சு இருந்தது.

மிச்சம் இருந்தது அவள் புருஷன் கிசெம்போ மட்டும்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் கம்பாலாவில். போனில் அழுவார்கள், பணம் அனுப்புவார்கள், கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்வார்கள்.

உகாண்டாவின் மேற்கே, அந்தத் தோரோ நாட்டில் எல்லோருக்கும் பேரோடு ஒரு பிரியப்பேரும் உண்டு. மரியாதைக்கும் அதுதான், கொஞ்சலுக்கும் அதுதான். கிசெம்போ அவளை அப்வோலி என்பான். அவள் அவனை அப்பூலி என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த இரண்டு பேர்களுக்கு நடுவே எவ்வளவோ பேச்சு ஓடியிருக்கிறது. இப்போது எல்லாம் வற்றி, மருந்துப் பேச்சு மட்டும் மிஞ்சியிருந்தது.

"அப்வோலி, குடிச்சியா?"

"குடிச்சேன்."

"வெளிக்குப் போச்சா?"

"இல்ல."

"பப்பாளி அறுத்துத் தரவா?"

"தா."

அவ்வளவுதான். அவன் எழுந்து வெளியே போய்விடுவான். வாழைத்தோட்டத்தின் ஓரத்தில், மரத்தைக் குடைந்து செய்த அவன் தொட்டி கிடந்தது, சின்னப் படகு மாதிரி. குழியில் புகைபோட்டுப் பழுக்கவைத்த பழங்களை உரித்து அதில் கொட்டி, புல்லைப் போட்டு, ஏறி நின்று மிதிப்பான். சாறு கணுக்கால்வரை ஏறும். வடித்த சாற்றில் வறுத்த சோளமாவைக் கலந்து மூடிவைத்தால் மறுநாள் தொந்தோ தயார். மஞ்சள் கேன்களில் நிரப்பி, சைக்கிளில் கட்டி, மேட்டுக் கடைவீதிவரை தள்ளிக்கொண்டே போகவேண்டும். அந்த மேட்டில் யாரும் சைக்கிளை மிதிக்க முடியாது. ஊருக்கே தெரிந்த கள் அவனுடையது. ஆனால் வீட்டுக்குள் வரும்போது அவனிடம் புளித்த வாடையும் களைப்பும் தவிர வேறு எதுவும் இருக்காது.

கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியே அவன் மிதிப்பதை அவள் பார்ப்பாள். கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வான். கொஞ்ச நேரம் மலையைப் பார்ப்பான். மறுபடி மிதிப்பான். என்னோடு பேசப் பிடிக்காமல் மலையோடு பேசுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய நோவு மார்பில் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்தார்கள். ஒரு மழைக்காலம் நன்றாக இருந்தாள். அடுத்த மழைக்காலத்தில் இடுப்பெலும்பில் வலி வந்தது. முதலில் கோடீன் மாத்திரை கொடுத்தார்கள். அது கொஞ்சநாள் கேட்டது. பிறகு எத்தனை விழுங்கினாலும் ஓர் அளவுக்கு மேல் வலியை எட்ட அதற்குக் கை நீளவில்லை. கடைவீதி மருந்துக்கடைக்காரன் டிரமடால் குளிகை கொடுத்தான். "நம்ம பைக் டாக்சி ஓட்டுற போடா பையனுங்க எல்லாம் இதப் போட்டுத்தான் நாளெல்லாம் ஓட்டுறானுங்க. உடம்புக்குத் தெம்பு," என்றான். வலி மட்டுப்பட்டது, குமட்டல் வந்தது. வலி கூடிய நாட்களில் அவளாகவே கூடுதலாகப் போட்டுக்கொண்டாள். ஒரு காலை, அடுப்பில் ஃபிரிண்டாக் குழம்புக்கு அவரைப் பருப்பை மசித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்து கைகால் இழுத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேய் பிடித்தது என்றார்கள் சிலர். ஆஸ்பத்திரியில் பெதடின் ஊசி போட்டபோது மேகத்தின் மேல் படுத்த மாதிரி இருந்தது. ஆனால் துரத்திவிட்ட நாய் போல வலி கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்து காலடியில் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் நர்ஸ் எவாஸ் வந்தாள். மோட்டார்பைக்கில், முழங்கால்வரை சேறோடு. அக்கீக்கி என்ற தன் பிரியப்பேராலேயே கூப்பிடச் சொன்னாள். தண்ணீர் பாட்டிலில் பச்சை நிறத்தில் மார்ஃபின்.

கபத்தால்யா பாட்டிலைப் பார்க்கவே மறுத்தாள். "இது சாகப்போறவங்களுக்குக் குடுக்கறது."

"யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டு கபொனேசா சொன்னா."

"கபொனேசாவுக்கு வலிக்குதா, உங்களுக்கு வலிக்குதா?"

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க அப்வோலி. நீங்க கடையில வாங்கி முழுங்கினீங்களே டிரமடால், அத மிட்டாய்னு நெனச்சீங்க. அதுதான் உங்களுக்கு வலிப்பு குடுத்துச்சு. இதப் பாத்துப் பயப்படறீங்க. இது உங்க வலி எவ்வளவோ அவ்வளவுக்கு ஏத்திக்கலாம். கொஞ்சத்துல ஆரம்பிச்சு மெல்ல ஏத்தணும். வயிறு கட்டிக்கும், அதுக்கு மாத்திரை தாரேன். முதல் ரெண்டு மூணு நாள் தூக்கம் வரும், மூக்கு அரிக்கும். அப்புறம் பழகிடும்."

பிறகு கிசெம்போவின் பக்கம் திரும்பினாள். "நீங்க கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். கூப்பிட்டா முழிக்கணும். கூப்பிட்டும் முழிக்கல, மூச்சு விட்டுவிட்டு வருது, கண்ணுமணி ஊசிமுனை மாதிரி சின்னதாயிடுச்சுன்னா அது தூக்கம் இல்ல. உடனே என்னைக் கூப்பிடுங்க."

அதைக் கேட்டதிலிருந்து அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் பாய்போட்டுப் படுத்தான். ஈரத்தரை. அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தான். அவளுக்கு அது அன்பாகத் தெரியவில்லை, காவலாகத் தெரிந்தது. மருந்து பச்சையிலிருந்து அதைவிடக் கெட்டியான இளஞ்சிவப்புக்கு மாறியது. அவள் சாகவில்லை. உட்கார்ந்து வாழைக்காய்கூட உரித்தாள். இடது காலை மட்டும் ஊன்றக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். "அந்த எலும்பு கரையான் அரிச்ச கட்டை மாதிரி. கட்டிலை விட்டு எறங்காதீங்க."

இங்கிலாந்தில் முதியோர் விடுதியில் வேலைபார்த்த அக்கா மகள் ஹாரியட் ஒரு பொட்டலம் அனுப்பினாள். கம்பளிச் சட்டை, தேயிலை, ஒரு சின்ன அட்டைப்பெட்டி. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிற வீட்டுக்குத் தேயிலை அனுப்பியிருக்கிறாளே என்று கபத்தால்யா வெகுநாள் கழித்துச் சிரித்தாள். பெட்டியில் காகித உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஒட்டு, கண்ணாடித்தாள் மாதிரி.

போனில் ஹாரியட் சொன்னாள்: "சித்தி, இது இங்க பெரிய பெரிய ஆளுங்களுக்குப் போடறது. தோல்ல ஒட்டினாப் போதும், மூணு நாளைக்கு வலியே இருக்காது. நர்ஸ்கிட்டக் கேட்டுட்டு ஒட்டிக்கோ."

நர்ஸ் எவாஸ் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஃபென்டனில். இப்ப வேண்டாம். முழுங்க முடியாமப் போனா இது உதவும், டாக்டர்கிட்டக் கணக்குக் கேட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் தொடாதீங்க." பெட்டியைக் கையோடு எடுத்துப்போகாமல் அலமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போனாள்.

அது பெருமழை தொடங்குகிற சமயம். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மத்தியானம் மலைமேலிருந்து கறுப்பாக இறங்கும். அன்று காலை கிசெம்போ உற்சாகமாக இருந்தான். மிதிக்கும்போது ஏதோ பாட்டை முனகுவது அவளுக்கு ஜன்னல்வழி கேட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. அவளுக்குச் சந்தோஷத்துக்குப் பதிலாக ஒரு எரிச்சல் வந்தது. நான் இங்கே கிடக்கிறேன், இவனுக்குப் பாட்டு வருகிறது.

மத்தியானம் உள்ளே வந்தவன் சாப்பிடவில்லை. மூக்கைச் சொறிந்துகொண்டே இருந்தான்.

"கேழ்வரகுக் களி மூடி வச்சிருக்கே, சாப்பிடலியா?"

"வேண்டாம். கொமட்டுது."

"கள்ளை ருசி பாத்தியா காலையிலேயே?"

"கொஞ்சூண்டு." அடுப்பில் வாட்டிய வாழையிலையைச் சூட்டோடு மடித்து, சட்டைக்குள் முதுகுப்பக்கம் செருகிக்கொண்டான். தரையில் பாயில் குப்புறப் படுத்தான்.

"என்ன அது, முதுகுல?"

"ஒண்ணும் இல்ல."

அவனுக்கு எப்போதும் ஒன்றும் இல்லைதான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மழை வந்தது. தகரக்கூரையில் சரளைக்கல்லை வண்டி வண்டியாகக் கொட்டுவது போல விழுந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளே அவள் காதில் ஒரு குறட்டை பட்டது. அவனுடைய வழக்கமான குறட்டை இல்லை. அடைத்த குழாயில் தண்ணீர் போகிற மாதிரி ஒரு இழுப்பு. அப்புறம் ஒன்றுமே இல்லை. அவள் காத்திருந்தாள். மறுபடி ஒரு இழுப்பு. மறுபடி ஒன்றுமில்லை. அந்த இடைவெளி நீண்டது.

"அப்பூலி."

பதில் இல்லை.

"அப்பூலி! எந்திரி!"

தண்ணீர் டம்ளரை எடுத்து அவன்மேல் எறிந்தாள். தோளில் பட்டு உருண்டது. அவன் அசையவில்லை. பக்கவாட்டில் தெரிந்த உதடு, நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

நர்ஸ் அன்றைக்கு அவனுக்குச் சொன்னதெல்லாம் கபத்தால்யாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தன் சாவுக்கான அடையாளங்கள் என்று ஒவ்வொன்றையும் மனசில் பதித்து வைத்திருந்தாள். இப்போது அவை ஒவ்வொன்றாக அவனிடம் தெரிந்தன.

போன் கடைவீதியில் சார்ஜுக்குப் போட்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. மழைக்குள் கத்தினால் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கட்டிலின் சட்டத்தைப் பிடித்து, வலதுகாலை முதலில் இறக்கினாள். இடதுகால் பின்னாலேயே விழுந்தது. உள்ளே காய்ந்த கரும்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், காதால் கேட்டதா உடம்பால் கேட்டதா தெரியவில்லை. கண் இருட்டியது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ, அடுத்து அவனிடமிருந்து ஒரு இழுப்புக் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு முழங்கையால் ஊர்ந்தாள்.

இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். கண்மணி கடுகு போலச் சுருங்கியிருந்தது. சட்டையைத் தூக்கினாள். சூட்டு வாழையிலை. அதை இழுத்துப் போட்டால், அடியில், இடுப்புக்கு மேலே, வியர்வையில் மினுங்கிக்கொண்டு அந்த ஒட்டு.

"அடப்பாவி," என்றாள். "அடப்பாவி மனுசா."

நகத்தால் நெம்பி உரித்து அறையின் மூலைக்கு எறிந்தாள். ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்தாள். அவனை ஒருக்களித்துத் தள்ளினாள். பிறகு கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"மூச்சு விடு!"

அவன் ஒரு மூச்சு விட்டான்.

"இன்னொண்ணு. விடுய்யா! தூங்காத!"

அறைந்தால் விட்டான். நிறுத்தினால் மறந்துபோனான். இடதுகையால் அவன் காதைத் திருகிக்கொண்டே, வலதுகையை நீட்டி அடுப்படியிலிருந்த அலுமினியச் சட்டியை இழுத்தாள். களிக் கரண்டியால் அதை அடித்தாள். ஒரு அடி சட்டிக்கு, ஒரு அடி அவனுக்கு. அழுதாளா என்று பிறகு கேட்டபோது அவளுக்கு நினைவில்லை. திட்டினாள் என்பது நினைவிருந்தது. கல்யாணத்துக்கு அவன் அப்பன் கொண்டுவந்த நோஞ்சான் மாட்டிலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல் திட்டினாள்.

கபொனேசா தலையில் ஒரு வாழையிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "என்னடீ இது, சாமி கும்பிடற வீட்டுல சட்டியைப் போட்டு..."

பிறகுதான் தரையில் கிடந்த இரண்டு பேரையும் பார்த்தாள்.

"அடியேரி," என்று கபொனேசாவை அவள் பிரியப்பேரால் கூப்பிட்டாள் கபத்தால்யா. "ரோட்டுக்கு ஓடு. எந்த வண்டி வந்தாலும் நிறுத்து."

"ஐயோ, அந்த மருந்தைக் குடிச்சிட்டானா?"

"ஓடுடீ! பேச நேரமில்ல!"

கனத்த உடம்பு கபொனேசாவுக்கு. ஆனால் ஓடினாள். சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். ஃபாக்டரிக்குக் கொழுந்து ஏற்றிப்போகிற லாரி முன்னால் கையை விரித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றாள். டிரைவர் இறங்கிவந்து கிசெம்போவைத் தோளில் போட்டுக்கொண்டான். கபத்தால்யாவைத் தூக்கியபோது அவள் அலறினாள். பறித்த கொழுந்தின்மேல் இரண்டு பேரையும் கிடத்தி, தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். குளிர்ந்த பச்சை வாசம். ஃபோர்ட் போர்ட்டல் டவுன் வரும்வரை அவள் அவன் காதைத் திருகிக்கொண்டே போனாள். அவளுடைய மருந்து வேளை தாண்டிப்போயிருந்தது. பாட்டில் வீட்டிலேயே நின்றது. கபொனேசா எதிரில் உட்கார்ந்து, பாடவும் தோன்றாமல், தன் முந்தானையை அவள் வாயில் வைத்துக் கடிக்கக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஊசி போட்டதும் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவன் மாதிரி கண்ணைத் திறந்து வாந்தியெடுத்தான். எல்லோரும் பிழைத்தான் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடங்கிப்போனான். தோலுக்கடியில் ஊறின மருந்து ஊசியைவிட நீண்டநேரம் நிற்கும் என்று சொல்லி, மறுபடி மறுபடி ஊசி போட்டு, மறுநாள்வரை பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவளைப் பெண்கள் வார்டில் போட்டார்கள். தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் ஒடிந்திருந்தது. இந்த உடம்பில் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். அவன் எந்த வார்டில் இருக்கிறான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. சுற்றிலும் ஒவ்வொரு கட்டிலுக்கடியிலும் துணைக்கு வந்த சொந்தக்காரர்கள் பாய்போட்டிருந்தார்கள். அவள் கட்டிலுக்கடியில் வெறும் சிமெண்ட் தரை.

அங்கேதான் நர்ஸ் எவாஸ் வந்தாள். கிசெம்போவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு ஒட்டச் சொன்னா அப்பூலி?" நர்ஸின் குரலில் கோபம் இருந்தது. "நான் தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"அவளுக்கு ஒட்டாதீங்கன்னு சொன்னீங்கன்னு நெனச்சேன். எனக்கு... ஒரு பிளாஸ்திரிதானேன்னு... இவ தெனமும் பாட்டில் பாட்டிலாக் குடிக்கறா, இவளுக்கு ஒண்ணும் ஆகல..."

"இவங்க உடம்பு மாசக்கணக்கா மெல்ல மெல்லப் பழகின உடம்பு. இவங்களுக்கே நான் கணக்குப் பாத்து, குடிக்கறதைக் குறைச்சுட்டுத்தான் ஒட்டியிருப்பேன். இது மார்ஃபினைவிட நூறு மடங்கு வீரியம். உங்க உடம்பு ஒரு கோடீன்கூடப் பாத்ததில்ல. அதுமேல கள்ளு, அதுமேல சூட்டு இலை. சூடு பட்டா அது மூணு நாளைக்குள்ளதை ஒரேயடியா உள்ள விட்டுடும்."

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

நர்ஸ் தன் கையைப் பார்த்தாள். "பெட்டியை நானும் அங்க வச்சிட்டுப் போயிருக்கக் கூடாது," என்றாள். "மிச்சத்தை நேத்தே போய் எடுத்துட்டேன். மூலையில கிடந்ததையும்." அவள் எழுந்து போனாள்.

இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். வார்டில் எங்கோ ஒரு குழந்தை அழுதது.

"எத்தனை நாளா வலிக்குது?" என்றாள் கபத்தால்யா.

"என்னது?"

"முதுகு."

அவன் தொப்பியைக் கையில் திருகினான். "போன வருசம் கேனோட சைக்கிள் சாஞ்சுச்சே. அப்பருந்து."

"போன வருசத்துலருந்தா? என்கிட்டச் சொன்னா என்ன?"

"உன் வலிக்கு முன்னால என் வலி என்ன வலி அப்வோலி? எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுச் சொல்றது?"

அவளுக்கு அவனை மறுபடி ஒரு அறை அறையலாம் போலிருந்தது. மலையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிற்றல் எல்லாம் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்தது. இடுப்பைப் பிடித்த கை. ஈரத்தரையில் பாய். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட நேரமெல்லாம்.

"நீ என்கிட்டப் பேசவே இல்லையேன்னு நான் கிடந்து..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். சர்ச்சுப் பெண்கள் கொஞ்சநாள் மறுபடி வந்தார்கள். சட்டியடித்துப் புருஷனை உயிர்ப்பித்தவளைப் பார்க்க அடுத்த மேட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிறகு காபி பறிப்பு வந்தது, கூட்டம் நின்றது. கபொனேசா மட்டும் நிற்கவில்லை. பாட்டிலைப் பார்க்கும்போது இன்னும் சிலுவை போட்டுக்கொள்வாள். ஆனால் வேளை தவறினால், "குடிச்சியாடீ?" என்று அவளே அதட்டுவாள்.

கபத்தால்யா இனி உட்காரமாட்டாள். படுத்தபடியேதான் எல்லாம். மருந்தின் அளவை நர்ஸ் மறுபடி ஏற்றியிருந்தாள். அடுத்த பெருமழைவரை இருப்போமா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கிசெம்போவும் கேட்கவில்லை. தொட்டியைத் தங்கையின் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான். பகல் முழுக்க வீட்டில்தான்.

ஒரு காலை அவளைப் புரட்டிப் போடுவதற்காகக் குனிந்தவன் பாதியில் நின்றான். முகம் கோணியது. உடனே சரிசெய்துகொண்டான்.

"வலிக்குதா?"

"ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். மூச்சை இழுத்துவிட்டான். "ஆமா. வலிக்குது. உயிர் போகுது."

"உக்காரு."

"முதல்ல உன்னை..."

"நான் எங்கயும் ஓடிடமாட்டேன். உக்காரு. இப்படி, எனக்கு முதுகு காட்டி."

அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். அவள் அவன் சட்டையைத் தூக்கினாள். கையை நீட்டினால் இடுப்புவரை எட்டியது. மாதக்கணக்கில் போர்வையின் ஓரத்தைப் பிடிப்பதைத் தவிர வேறு வேலை செய்யாத கை அது. கட்டைவிரலை முதுகெலும்பின் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். கயிறு முடிச்சுப் போல இறுகிக் கிடந்தது சதை. விரலில் பலம் போதவில்லை. முழங்கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு மறுபடி அழுத்தினாள்.

"இங்கயா?"

அவன் தோள் இரண்டும் குலுங்கின. அவள் விரலை எடுக்காமல் காத்திருந்தாள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றான் கிசெம்போ.